வினை விதைத்தவன் செழிக்கிறானே, அக்கா?

சென்ற இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, "தினை விதைத்தவன் தினை அறுப்பான், வினை விதைத்தவன் வினை அறுப்பான், கவலையை விடுங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு கடிதங்கள் வந்திருக்கின்றன. நெல் விதைப் பண்ணைகளில் இறங்கிப் பார்த்துச் சான்று கொடுக்கும் வேலையில் 31 வருடம் இருந்தவள் நான். அந்தப் பழமொழியை அவ்வளவு லேசாக எழுதியிருக்கக் கூடாது. இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே. பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் ஊர்ப்பக்கம் மட்டும் போட்டிருக்கிறேன்.

*

கேள்வி: அக்கா, அப்பா இறந்து ஆறு மாதத்தில் அண்ணன் என்னைப் பத்திர ஆபீசுக்குக் கூட்டிப்போனான். பட்டா மாற்ற ஒரு கையெழுத்து என்றான், போட்டேன். போன வருடம் ஆவணியில்தான் அது விடுதலைப் பத்திரம் என்று தெரிந்தது. அப்பாவின் 62 சென்ட் ரப்பர் தோட்டத்தில் எனக்குப் பங்கு இல்லை என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். அண்ணன் மாடிவீடு கட்டிவிட்டான். மகனுக்கு துபாயில் வேலை. கிறிஸ்துமஸுக்கு என் வீட்டுக்கு வந்து சிரித்த முகத்தோடு கேக் தந்துவிட்டுப் போகிறான். "விதைச்சத அறுப்பான் பிள்ளே, நீ பேசாம இரி" என்கிறார் அம்மா. போதகரும் வேதத்தைக் காட்டி அதையே சொன்னார். நீங்களும் எழுதிவிட்டீர்கள். 14 மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவன் செழிக்கத்தானே செய்கிறான்?
- ஒரு சகோதரி, மார்த்தாண்டம் பக்கம்

பதில்: தங்கச்சி, அந்த ஒரு வரியை உங்களைப் போன்றவர் படிப்பார் என்று நினைக்காமல் எழுதியதற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். "அறுப்பான்" என்பதோடு "பேசாம இரு" என்பதும் சேர்ந்துவிட்டால், அந்தப் பழமொழி உங்கள் அண்ணன் வீட்டு வாசலில் காவலுக்கு நிற்கிறது.

காத்திருக்காதீர்கள். நான் சட்டம் படித்தவள் இல்லை, இதற்காக ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். ஏமாற்றி வாங்கிய பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க, ஏமாற்று தெரியவந்த நாளிலிருந்து மூன்று வருடம்தான் அவகாசம். அதில் 14 மாதம் போய்விட்டது. சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்தப் பத்திரத்தின் நகலும் வில்லங்கச் சான்றும் எழுதிக்கொடுத்து வாங்குங்கள். கையில் காசு இல்லையே என்று தயங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, நேரில் போய் மனு கொடுக்கலாம்.

"பொம்பளப் பிள்ளைக்கு சீதனத்தோட தீந்தாச்சு" என்று யாராவது சொன்னால், அது மகாராஜா காலத்துப் பேச்சு. திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டத்தில் மகளுக்கு மகன் பங்கில் நாலில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான். மேரி ராய் என்ற பெண் தன் சகோதரனை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார். 1986இல் தீர்ப்பு வந்தது. அந்தப் பழைய சட்டம் 1951 ஏப்ரல் 1ஆம் தேதியோடே போய்விட்டது, உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் ஒரே பங்கு என்று ஆயிற்று. அந்த அம்மாவும் அண்ணன் தம்பி விதைத்ததை அறுக்கட்டும் என்று இருந்திருந்தால், இன்று நம் மாவட்டத்தில் எத்தனை பெண்களுக்குக் கேட்க வாய் இருந்திருக்காது!

இனி நீங்கள் கேட்ட கேள்வி. அவன் செழிக்கிறானே என்கிறீர்கள். அவன் வெட்டுகிற ரப்பர் யார் வைத்தது? ரப்பர் கன்று வைத்தால் பால் வெட்ட ஏழு வருடம் ஆகும். அந்த ஏழு வருடமும் காடு வெட்டி, உரம் வைத்து, கையிலிருந்து செலவழித்தவர் உங்கள் அப்பா. விடிவதற்கு முன்னால் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போய்ப் பால் வெட்டியவரும் அவராகத்தான் இருப்பார். மாடிவீடு அப்பா விதைத்ததில் வந்தது. உங்கள் அண்ணனின் ஏமாற்று இன்னும் ஒன்றும் விளையவில்லை, விளையுமோ விளையாதோ எனக்குத் தெரியாது. விதைத்தவனே அறுப்பான் என்று பழமொழி சொல்கிறது. விதைத்தவர் ஒருவராகவும் அறுப்பவர் வேறொருவராகவும் இருப்பதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதில் ஒன்று நானே செய்தது. இதுவரை எங்கும் எழுதியதில்லை.

1998, கும்பப்பூ, அதாவது நம் மாவட்டத்தில் கன்னிப்பூவுக்கு அடுத்து வரும் இரண்டாவது நெல் பருவம். தோவாளைப் பக்கம் ஒரு விதைப்பண்ணை, திருப்பதிசாரம் 3 நெல். பூக்கும் பருவத்தில் வயலுக்குள் இறங்கி நடந்து, பல இடங்களில் கதிரை எண்ணிக் கலவன், அதாவது வேற்று ரகப் பயிர், இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சான்று விதைக்கு ஆயிரத்துக்கு இரண்டுக்கு மேல் கலவன் இருக்கக் கூடாது. அன்று அது எனக்கு நாலாவது வயல். தூறல், முழங்கால் வரை தொளி, கடைசி பஸ்ஸுக்கு அரை மணி நேரம்தான் இருந்தது. வரப்போரமாக நடந்து மூன்று இடத்தில் எண்ணினேன். நடுவயலுக்குரிய கணக்கை வரப்பில் நின்றபடியே எழுதினேன். அந்த நடுவில்தான் நாற்று பட்டுப்போன இடத்தை, அடுத்த வயலில் மிச்சமிருந்த அம்பை 16 என்ற வேறு ரக நாற்றை வைத்து நிரப்பியிருந்தார்கள். எனக்குத் தெரியவில்லை என்று சொல்ல மாட்டேன். தெரிந்துகொள்ளக் காலை எடுத்து வைக்கவில்லை. சான்று விதை என்று காட்டும் நீல அட்டை கட்டியாயிற்று.

அடுத்த வருடம் பூதப்பாண்டிப் பக்கம் ஒருவர் 50 சென்ட் வயலைப் பாட்டத்துக்கு (குத்தகைக்கு) எடுத்து அந்த விதையைப் போட்டிருந்தார். அம்பை 16, 115 நாளுக்குள் முற்றிவிடும். திருப்பதிசாரம் 3க்கு 135 நாளுக்கு மேலே ஆகும். பாதி வயல் பச்சையாக நிற்க, இடையிடையே முற்றிய கதிர் மணியை உதிர்த்துக்கொண்டிருந்தது. அதற்காக முன்னால் அறுத்தால் மற்றது பால்மணி, பின்னால் அறுத்தால் இது தரையில். இரண்டும்கெட்டு அறுத்தார். பாட்ட நெல் அளந்தபின் வீட்டுக்கு எடுத்துப்போக ஒன்றும் மிஞ்சவில்லை. அவர் மனைவியின் கம்மல் அடகுக்குப் போனது. விசாரிக்கப் போனபோது என்னைப் பார்த்து அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "நீங்க வயல்ல எறங்கிப் பாத்துட்டுதானேம்மா அட்டை குடுத்திய?"

நான் இறங்கவில்லை என்று சொன்னேன். கொஞ்ச நேரம் வயலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, வெயிலில் வந்திருக்கிறேன் என்று ஒரு கருக்கு (இளநீர்) வெட்டித் தந்தார். அதைக் குடித்தேன். இன்றுவரை கருக்கு வெட்டும் சத்தம் கேட்டால் எனக்கு அந்த வரப்பு நினைவு வருகிறது.

மேலதிகாரிக்கு உள்ளதை எழுதிக் கொடுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை, அந்த வருடமே பதவி உயர்வும் வந்தது. பழமொழிப்படி பார்த்தால் நான்தானே அறுத்திருக்க வேண்டும்? கம்மல் போனது வேறொரு பெண்ணின் காதிலிருந்து. அன்றிலிருந்து அந்தப் பழமொழியை அடுத்தவருக்குச் சாபமாகச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. என் கையில் விதை இருக்கும்போது மட்டும் சொல்லிக்கொள்கிறேன், இதை அறுக்கப்போவது நானாகவே இருந்தால் பரவாயில்லை, வேறு யாரோ அல்லவா என்று. ஓய்வுபெறும் வரை நடுவயலில் கால் வைக்காமல் பிறகு ஒரு அட்டைக்கும் கையெழுத்துப் போடவில்லை.

அதனால், தங்கச்சி, அண்ணனுக்கு என்ன விளையும் என்று பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம். அவன் செய்ததை இன்று அறுப்பது நீங்களும் உங்கள் பிள்ளைகளும். இந்த வாரமே நாகர்கோவிலுக்கு பஸ் ஏறுங்கள்.

*

கேள்வி: விதை, வினை என்று பேசுகிறீர்கள், எனக்கு நேரடியாகவே விதைப் பிரச்சினை. வீட்டில் எடுத்துவைத்த நெல்லைக் கன்னிப்பூவுக்கு நாற்றங்காலில் பாவினேன். பாதிதான் முளைத்தது. நல்ல நெல்தான் அது. எங்கே தவறு?
- சுசீந்திரம் பக்கம், 1 ஏக்கர் விவசாயி

பதில்: அண்ணாச்சி, நல்ல நெல் எல்லாம் நல்ல விதை ஆகாது. காய்ச்சல் போதாமல் சாக்கில் கட்டினீர்களா என்று பாருங்கள். விதைநெல்லில் ஈரம் நூற்றுக்கு 13க்கு மேல் இருந்தால், சாக்கு வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே முளை செத்துக்கொண்டிருக்கும். கும்பப்பூ அறுப்பில் மழை நனைந்த நெல்லாக இருந்தால் இது நிச்சயம். இன்னொன்று, அறுத்த சூட்டோடு பாவினாலும் முளைக்காது. சில ரகங்களுக்கு விதை உறக்கம் உண்டு, சில வாரம் கழித்துத்தான் எழுந்திருக்கும்.

அடுத்த முறை பாவுவதற்குப் பத்து நாள் முன்னால், கண்ணை மூடிக்கொண்டு நூறு நெல் எடுங்கள், பொறுக்கி எடுக்கக் கூடாது. ஈரச் சாக்கில் பரப்பிச் சுருட்டி நிழலில் வையுங்கள், காயவிடாதீர்கள். எண்பதுக்கு மேல் முளைத்தால் தைரியமாகப் பாவலாம். சான்று விதைக்கே 80தான் அளவு, நூறு கேட்டு எந்தச் சட்டமும் இல்லை. பதர் பிரிக்க, 10 லிட்டர் தண்ணீரில் ஒன்றரைக் கிலோ உப்பைக் கரைத்து நெல்லைக் கொட்டி, மிதப்பதை அள்ளி எறியுங்கள். அடியில் தங்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிவிட்டுத்தான் ஊறப்போட வேண்டும். அலசாமல் விட்டால் உப்பே முளையைக் கொன்றுவிடும், அந்தத் தவறையும் பலர் செய்கிறார்கள்.

*

கேள்வி: என் அப்பா 2017 நவம்பரில் கடலிலேயே பல நாள் தங்கி மீன் பிடிக்கும் தங்கலுக்குப் போனவர், ஒக்கிப் புயலில் திரும்பவில்லை. எனக்கு அப்போது 13 வயது. இப்போதும் வீட்டில் சண்டை வந்தால் ஒரு உறவுக்காரர், "உங்க அப்பன் செஞ்ச பாவம் கடலே எடுத்துட்டு" என்கிறார். அப்பா குடிப்பார், கோபத்தில் அடிப்பார், அது உண்மைதான். உங்கள் பழமொழியைப் படித்ததும் எனக்கு அந்தக் குரல்தான் கேட்டது. அவர் அறுத்ததுதானா அது?
- தூத்தூர் பக்கம்

பதில்: இல்லை மக்களே. இல்லவே இல்லை.

அந்த வாரம் நடந்ததை அப்படியே எடுத்துப்பாருங்கள். 29ஆம் தேதி தாழ்வு மண்டலமாக இருந்தது 30ஆம் தேதி காலையில் புயலாகிவிட்டது. கரையில் இருந்த எங்களுக்கே ஓட்டைப் பிய்த்துக்கொண்டு காற்று அடித்தபோதுதான் விவரம் தெரிந்தது. உங்கள் அப்பா போன்றவர்கள் பல நாள் முன்பே போய்விட்டவர்கள். கரையிலிருந்து சொல்லும் செய்தி எட்டாத தூரத்தில் இருந்தார்கள், எட்டவைக்கும் கருவி படகுகளில் இல்லை. ஜெபமாலையோடு போனவரும் குடித்துவிட்டுப் போனவரும் ஒரே கடலில் நின்றார்கள். தேடுவதற்குத் தங்கள் படகை எடுத்துக்கொண்டு போனவர்களில் பலர் உங்கள் ஊர் மீனவர்களே. இதில் எங்கே இருக்கிறது உங்கள் அப்பா விதைத்த விதை?

மலைப்பக்கம் அன்று ரப்பரும் வாழையும் சாய்ந்து கிடந்ததை நான் பார்த்தேன். எங்கள் தெருவில் வட்டிக்கு விட்டு ஊரையே அழவைத்தவர் ஒருவர், காலையில் எழுந்ததும் அடுத்த வீட்டுக் கிழவிக்குக் கஞ்சி கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பவர் ஒருவர். இரண்டு பேர் வாழையும் ஒரே திசையில் படுத்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு யார் எதை விதைத்தார் என்று கண்டுபிடிக்க முடியுமா? சுனாமியின்போதும் இதே பேச்சைக் கேட்டிருக்கிறேன். கொளச்சலிலும் மணக்குடியிலும் போன சின்னக் குழந்தைகள் என்ன வினை விதைத்திருக்கும்? பிணத்தின் முன்னால் நின்று கணக்குப் பார்ப்பவர்கள் தாங்கள் பிழைத்ததற்குக் காரணம் தேடுகிறார்கள். அந்த உறவுக்காரருக்கும் அந்தப் பயம்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், அதற்காக அவர் சொல்வதை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை.

அப்பா அடித்தது உண்மை என்று மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் மேலும் உங்கள் அம்மா மேலும் விழுந்த அடி. அதற்காகக் கோபம் இருந்தால் அது நியாயம், அழுகை வந்தால் அதுவும் நியாயம். இரண்டையும் அவர் சாவோடு முடிச்சுப் போடாதீர்கள். அடுத்த முறை அந்தப் பேச்சு வந்தால், "பெரியம்மா, அவரு மீன் பிடிக்கப் போனாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வெளியே போங்கள். பெரியம்மாவோ, அத்தையோ, யாராக இருந்தாலும் சரி.

*

கேள்வி: எனக்கு வயது 68. என் அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது நான் பம்பாயில் இருந்தேன். பணம் அனுப்பினேன், வரவில்லை. காரியத்துக்குத்தான் வந்தேன். இப்போது என் மகன் மஸ்கட்டில். மாதம் தவறாமல் பணம் வருகிறது, பேச்சு இல்லை. நான் விதைத்ததைத்தானே அறுக்கிறேன்?
- திருவட்டார் பக்கம்

பதில்: அண்ணாச்சி, மேலே எல்லோருக்கும் இல்லை இல்லை என்று எழுதியவள் உங்களுக்கு மட்டும் ஆமாம் என்று சொல்லப்போகிறேன், ஏனென்றால் நீங்கள் உங்கள் கையைப் பார்த்துக் கேட்கிறீர்கள். பணம் அனுப்பினால் மகன் கடமை தீர்ந்தது என்று உங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. பையன் அதைப் பார்த்து வளர்ந்தான். அவனுக்கு உங்கள் மேல் வெறுப்பு இருக்க வேண்டும் என்றில்லை. இப்படித்தான் அப்பாவுக்குச் செய்ய வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பான்.

ஆனால் உங்கள் கடிதத்தில் ஒன்று இல்லை. நீங்கள் அவனைக் கடைசியாக எப்போது கூப்பிட்டீர்கள்? அவன் கூப்பிடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். கன்னிப்பூ போய்விட்டால் நம் ஊரில் யாரும் வயலைப் பூட்டிவிட்டு உட்காருவதில்லை, பேச்சிப்பாறையில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துக் கும்பப்பூவுக்கு உழத்தான் போகிறோம். மஸ்கட் நேரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். இங்கே இரவு ஒன்பதரை என்றால் அவனுக்கு எட்டு மணி, வேலை முடிந்து அறைக்கு வந்திருப்பான். சாப்பிட்டாயா என்று கேளுங்கள். பிறகு, உங்கள் அப்பா படுக்கையில் கிடந்தபோது நீங்கள் ஏன் வரவில்லை என்பதை, உள்ளது உள்ளபடி, அவனிடம் சொல்லுங்கள். என்னிடம் எழுதியதை அவனிடம் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். முதல் நாள் அவன் இரண்டு வார்த்தையில் வைத்துவிடலாம். மறுநாளும் கூப்பிடுங்கள்.

*

கேள்வி: எனக்கு 71 வயது. ஓடைக்கரையில் இருந்த பனைகளை எல்லாம் வெட்டிவிட்டார்கள். அந்த இடத்தில் பனங்கொட்டை போடலாம் என்று நினைக்கிறேன். "பாட்டா, அது காய்க்கும்போது நீங்க எங்க இருப்பிய?" என்று பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். போடட்டுமா?
- அகஸ்தீஸ்வரம் பக்கம்

பதில்: போடுங்கள் ஐயா. பனை பாளை விடப் பதினைந்து, இருபது வருடம் ஆகும் என்பது சரிதான். நான் சின்னப் பிள்ளையில் குடித்த பதநீரும் கடித்த கருப்பட்டியும் யார் போட்ட கொட்டையில் வந்தது என்று எனக்குத் தெரியாது.

புரட்டாசிக்குள் நன்றாகப் பழுத்து விழுந்த பழத்திலிருந்து கொட்டை எடுங்கள். சதையை நீக்கிக் கழுவி நிழலில் சில நாள் போட்டுவைத்து, வடகிழக்கு மழை தொடங்குவதற்கு முன் ஊன்றிவிடுங்கள். பத்தடிக்கு ஒரு குழி, குழிக்கு இரண்டு கொட்டை. ஒன்று ஏமாற்றினாலும் மற்றது வரும். முதலில் அது கீழேதான் போகும், கிழங்கு விட்டபிறகுதான் மேலே ஓலை காட்டும். அதுவரை ஒன்றும் முளைக்கவில்லை என்று நினைத்து யாரும் தோண்டிக் கிழங்கைப் பிடுங்கித் தின்றுவிடாமல், ஒவ்வொரு குழிக்குப் பக்கத்திலும் ஒரு கம்பு நட்டு வையுங்கள். பேரப்பிள்ளைகளையே கம்பு வெட்டிக்கொண்டுவரச் சொல்லுங்கள்.